ராஜாவின் சாப்பாட்டுக்கு இரண்டு சாட்சி

முன்னொரு காலத்தில் வேம்படி நாட்டை மணிமுடியான் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். காலையில் போட்ட ஆணையை மாலையில் மறந்துவிடுவான், அவ்வளவுதான். ஜனங்கள்தான் அதைத் தலையில் சுமந்துகொண்டு திரிவார்கள்.

அந்த வருஷம் கோடையில் நாட்டுக்குள் வாந்திபேதி வந்தது. தெருவுக்கு நாலு வீடு காலியானது. ராஜா கடைவீதியை மூடச் சொன்னான். அது சரியான ஆணைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றாடம் விற்று அன்றாடம் உலை வைக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? நாற்பது கடைக்காரர்களும் கதவைச் சாத்திக்கொண்டு பசியோடு உள்ளே கிடந்தார்கள்.

நோய்க்குப் பயந்து ராஜசபையும் மூடியிருந்தது. மந்திரி ஆதிமூலத்தையும் பண்டகசாலை அதிகாரி சிங்கமராயரையும் மட்டும் தோட்டத்து மண்டபத்துக்கு அழைத்து, ஆளுக்கொரு தூணடியில் நிற்கவைத்து, ராஜா யோசனை கேட்டான்.

மந்திரி சொன்னார்: "மகாராஜா, கடை மூடியிருக்கும்வரை வாரம் ஒருமுறை ஒவ்வொரு கடைக்கும் களஞ்சியத்திலிருந்து தானியம் போகட்டும். மாடு வைத்துத் தொழில் செய்கிறவர்களுக்குத் தீவனமும் போகட்டும். சந்தை வரி இந்த வருஷம் வேண்டாம். மனிதர்கள் பிழைத்தும் கடைகள் செத்துப்போனால் ஊர் எழுந்திருக்காது."

மந்திரி பேசும்போது ராஜா தலையாட்டினாலே சிங்கமராயருக்கு வயிறு எரியும். "கொடுக்கலாம் மகாராஜா. ஆனால் கேட்டவனுக்கெல்லாம் கொடுத்தால் நாளைக்கு ஊரே கடைக்காரன் ஆகிவிடும். தொழில் செய்கிறவன் இந்த மாதம் செய்த சரக்கைக் கொண்டுவந்து காட்டட்டும். அதே தொழில் செய்யும் இரண்டு பேர் நேரில் வந்து சாட்சி சொல்லட்டும். களஞ்சியத்திலிருந்து ஒரு பிடி எடுக்கிற எவராக இருந்தாலும் இதுதான் விதி."

"பேஷ்" என்றான் ராஜா. முத்திரை விழுந்தது.

மறுநாளே அரண்மனை வாசலுக்கு வந்தான் செக்காட்டும் தவசி. இருபது வருஷமாக அரண்மனை விளக்குகளுக்கு எண்ணெய் கொடுத்தவன்.

"எண்ணெய் எங்கே?" என்றார் சிங்கமராயர்.

"செக்கை நிறுத்தச் சொல்லி உத்தரவு ஆச்சே சாமி. எண்ணெய்க்கு எங்க போவேன்?"

"சாட்சிகள்?"

"இந்த ஊர்ல செக்கு மூணுதான். ஒருத்தர் போய்ச் சேர்ந்துட்டாரு. இன்னொருத்தர் படுத்த படுக்கையா இருக்காரு."

"அப்படியானால் நீ செக்காட்டுகிறவன் என்று நான் எப்படி நம்புவது?"

கேள்வியைப் பாருங்கள். அந்த ஆள் நின்ற இடமெல்லாம் எண்ணெய் வாடை. மூன்று நாள் வந்தான், மூன்று நாளும் வெறுங்கையோடு திரும்பினான். மூன்றாம் நாள் வழியில் மந்திரியைப் பார்த்து எட்ட நின்று கும்பிட்டான்.

"எனக்குக்கூட வேண்டாங்க. மாட்டுக்கு ரெண்டு கட்டு வைக்கோல் போதும். பழகின மாடு. அது போயிட்டா செக்கு வெறும் கல்லுதாங்க. அப்புறம் எனக்கு எந்திரிக்க வழியில்ல."

மந்திரி தன் வீட்டில் இருந்ததையெல்லாம் முன்பே மற்றக் கடைக்காரர்களுக்குக் கொடுத்துத் தீர்த்திருந்தார். "நாளை மதியம்வரை பொறு தவசி" என்று சொல்லிவிட்டு நேரே அரண்மனைச் சமையற்கட்டுக்குப் போனார்.

மறுநாள் மதியம் ராஜா சாப்பிட உட்கார்ந்தான். இலை இருந்தது, சோறு வரவில்லை. தலைமைச் சமையற்காரர் கைகட்டி நின்றார்.

"மகாராஜா, களஞ்சியத்து அரிசி. விதிப்படி தாங்கள் இந்த மாதம் தொழில் செய்ததைக் காட்டவேண்டும். ஒரு தீர்ப்பாவது சொன்னீர்களா?"

"சபையே மூடியிருக்கிறது. தீர்ப்புக்கு எங்கே போவேன்?"

"போகட்டும். அதே தொழில் செய்யும் இரண்டு பேர் நேரில் வரவேண்டும். இரண்டு ராஜாக்கள்."

"தெற்கத்தி ராஜா நோயில் செத்தான். வடக்கத்தி ராஜா எல்லையை மூடிவிட்டான். விளையாடுகிறாயா? எனக்குப் பசிக்கிறது."

"பசியைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள விதியில் இடம் இல்லை மகாராஜா."

ராஜாவின் கண் சிவந்தது. பக்கத்தில் நின்ற சிங்கமராயர் வியர்த்துப்போனார். "விதி தங்களுக்கு இல்லை மகாராஜா" என்று இழுத்தார்.

"எவராக இருந்தாலும் என்று சொன்னது தாங்கள்தானே, ராயரே?" என்றபடி மந்திரி உள்ளே வந்தார். "மகாராஜா, சமையற்காரர் மேல் தப்பில்லை. நான்தான் சொல்லிவைத்தேன். மூடச் சொன்னதும் நாம், மூடியதற்குத் தண்டனை கொடுப்பதும் நாம். எண்ணெய்க்கு எங்கே போவேன் என்று தவசி மூன்று நாள் நம் வாசலில் கேட்டான். தாங்கள் ஒரு வேளையில் கேட்டுவிட்டீர்கள்."

ராஜா இலையை விட்டு எழுந்தான். பிறகு முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டான். "விதி ரத்து. மந்திரி சொன்னபடி நாற்பது கடைக்கும் தானியம் போகட்டும். ராயரே, முதல் வைக்கோல் கட்டை உங்கள் தலையில் தூக்கிக்கொண்டு தவசி வீட்டுக்கு நடங்கள். நானும் வருகிறேன்."

சிங்கமராயர் பட்டுத் தலைப்பாகையின் மேல் வைக்கோலோடு கடைவீதியில் நடந்தார். மற்ற நாளாக இருந்தால் ஊரே சிரித்திருக்கும். சிரிக்க வாசலில் ஆள் இல்லை.

தவசி செக்கடியில் உட்கார்ந்திருந்தான். தொழுவம் காலியாக இருந்தது.

"மாடு எங்கே?" என்றார் மந்திரி.

"நேத்து சாயங்காலம் அரண்மனை ஆளுங்க வந்தாங்க. பொணவண்டிக்கு மாடு வேணுமின்னாங்க. ஒரு மரக்கா கேவுரு குடுத்து ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அவங்க என்கிட்ட சரக்கும் கேக்கல, சாட்சியும் கேக்கல."

மந்திரி தலையைக் குனிந்துகொண்டார். ஒரு நாள் பொறு என்று சொன்ன வாய் அவருடையதுதான்.

"வேறு மாடு வாங்கித் தருகிறேன்" என்றான் ராஜா.

"மாட்டுச் சந்தையும் மூடித்தானே கெடக்கு மகாராஜா."

"அப்படியானால் உன் மாட்டையே அவிழ்த்துக்கொண்டு வரச் சொல்கிறேன். இப்போதே."

தவசி எழுந்து கும்பிட்டான். "வேண்டாங்க. வண்டி நிக்கக் கூடாது. என் சம்சாரத்தை இன்னும் எடுக்கல, உள்ளதான் கெடத்தியிருக்கேன். நம்ம மாடுதான் வரும்."