கால்மாட்டு ஆவாரை

"செடி வாடுது, தாயி."

"வாடட்டும்."

"செத்துப்போகுமே."

"செத்தாலும் சாகட்டும். தண்ணி ஊத்தாதிய."

பொன்னுலிங்கம் தலையை ஆட்டினார். அவருக்கு அறுபத்திரண்டு வயது. சொன்ன பேராச்சிக்கு நாற்பதுதான் இருக்கும்.

அந்த ஊரின் இடுகாடு தேரியில் இருக்கிறது. கண்ணுக்கெட்டியவரை சிவப்பு மணல். ஆடிக் காற்று வந்தால் மணல் இடம் மாறும். மேடு பள்ளமாகும். கல் நட்டாலும் அடியில் அரித்துச் சாய்த்துவிடும். அடுத்த வருஷம் யார் எங்கே கிடக்கிறார்கள் என்று பெற்ற பிள்ளைக்கும் தெரியாது.

ஆவாரை வேர் பிடித்த புதைமேடு மட்டும் நிற்கும்.

பேராச்சி தன் புருஷன் மேட்டில் ஒன்று வைத்திருந்தாள். கைக்குழந்தையின் மேட்டில் ஒன்று. பதினோரு ஆடி போய்விட்டது. இரண்டும் நிற்கின்றன, மஞ்சளாகப் பூத்துக்கொண்டு.

அதைப் பார்த்துத்தான் பொன்னுலிங்கம் அவளிடம் வந்தார். மனைவி செல்லக்கனியைப் புதைத்து அப்போது இருபது நாள் ஆகியிருந்தது.

"அவ கிடக்குற இடம் எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

"என் சொல் கேப்பியளா?"

"கேப்பேன்."

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் விதையை வெந்நீரில் போட்டு ஊறவைத்து விதைத்தார்கள். தலைமாட்டில் ஒன்று. கால்மாட்டில் ஒன்று. இரண்டும் முளைத்தன.

மார்கழிவரை வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் தெளிக்கச் சொன்னாள். தை பிறந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

அதன்பிறகுதான் செடி வாடுகிறது என்று அவர் வந்து நின்றார்.

பங்குனியில் ஒரு நாள் காலையில் அவளே பார்க்கப் போனாள். சற்று நேரத்தில் பொன்னுலிங்கமும் வந்து சேர்ந்தார்.

தேரியில் தானாக முளைத்த ஆவாரங்கன்றுகள் எல்லாம் இலை மடங்கி, மண் நிறத்தில் சுருண்டு கிடந்தன. செல்லக்கனியின் மேட்டில் மட்டும் இரண்டு செடிகள் கொழுகொழுவென்று நின்றன.

"என்ன அண்ணாச்சி, கீரை போட்டிருக்கியளோ?"

"எல்லாம் உன் கைராசிதான் தாயி."

"சந்தைக்கு எப்ப போவுது?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. குனிந்தாள். தலைமாட்டுச் செடியை இரண்டு விரலால் பிடித்தாள். தூக்கினாள்.

இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. வந்துவிட்டது.

"அடிப்பாவி!"

அவள் கையைப் பிடித்து முறுக்கினார். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை. இன்னொரு கையால் செடியைத் திருப்பிக் காட்டினாள்.

வேர் ஒரு விரல் நீளம் இருந்தது. கீழே போகவே இல்லை. ஈரம் இருந்த பக்கமாகப் படர்ந்து, மயிர்போலச் சுருண்டிருந்தது.

"நான் ரெண்டு விரலால எடுத்தேன் அண்ணாச்சி. ஆடியில காத்து எத்தனை விரலால எடுக்கும்?"

அவர் பிடி தளர்ந்தது.

"தண்ணி ஊத்துனியளா?"

அவர் அந்த வேரை விரலால் நீவினார்.

"எப்ப?"

"தினமும். வெள்ளன, வெயில் ஏறுமுன்ன வந்து ஊத்திட்டுப் போவேன்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு நீ முந்திட்ட."

அவர் பார்வை போன இடத்தில் முள் நிறைந்த ஓர் உடைமரம் நின்றது. அதன் பின்னால் ஒரு செம்பு. நிறையத் தண்ணீர். பேராச்சி அதை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"சொல் கேப்பேன்னு சொன்னியளே."

பொன்னுலிங்கம் மணலில் உட்கார்ந்தார்.

"அவளுக்கு ரெண்டு கிட்னியும் போயிட்டு. ஒரு நாளைக்கு மூணு டம்ளர், அதுக்கு மேல போனா நெஞ்சுல நிக்கும்னு டாக்டர் சொன்னாரு. ஏழு மாசம் அளந்து அளந்து குடுத்தேன். குடத்தைத் தூக்கிப் பரண்ல வச்சேன். அவ கேப்பா. நான் இல்லன்னுவேன். ஒரு நாள் கை கழுவுன தண்ணியைக் குடிக்கப் போனா. தட்டிவிட்டேன்."

செம்பின் விளிம்பை விரலால் துடைத்தார்.

"கடைசி அன்னைக்கும் கேட்டா. மூணும் முடிஞ்சிட்டு, காலையில தாரேன்னேன்."

பேராச்சி பிடுங்கிய செடியைக் கீழே வைத்தாள்.

"இது வாடிக்கிட்டு என்னையே பாக்குது. இன்னொரு தடவை இல்லன்னு சொல்ல எனக்கு ஆகாது தாயி."

அவள் கால்மாட்டில் மிச்சமிருந்த செடியைப் பார்த்தாள்.

"கேட்டது மதினி," என்றாள். "இது கேக்கல."

வெயில் ஏறியது. செடியின் இலைகள் ஒவ்வொன்றாக மடங்கத் தொடங்கின.

"ஆடிக்கு நாலு மாசம் இருக்கு. இன்னைக்கே நிறுத்துனா வேர் கீழ இறங்கலாம். கருகியும் போகலாம். ஊத்துனியள்னா இறங்கவே இறங்காது."

"கருகிட்டா?"

"மேடு போயிரும்."

அவர் கை செம்புக்குப் போனது. எடுத்தார். செடியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"அப்ப இந்தத் தண்ணியை நான் என்ன செய்ய?" குரல் உடைந்து எழுந்தது. "கையில வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய, சொல்லு!"

பேராச்சி சுடுமணலில் அவர் எதிரே மண்டியிட்டாள். இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து வாயருகே வைத்தாள்.

"தாகமா இருக்கு அண்ணாச்சி. தாங்க."

அவர் அந்தக் கைகளையே வெகுநேரம் பார்த்தார். பிறகு செம்பைச் சாய்த்தார். முதல் தண்ணீர் மணலில் போயிற்று. மிச்சத்தை அவள் குடித்தாள்.

"இன்னும்," என்றாள்.

ஊற்றினார்.

"இன்னும்."

செம்பைத் தலைகீழாகக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்.