ஞானப்பிரகாசம் சொல்லாத குறை

எங்கள் பி.எட். கல்லூரி முதல்வர் ஞானப்பிரகாசத்துக்கு அடுத்தவரைக் குறை சொல்லக் கிடைத்தால் சோறு தண்ணி வேண்டாம். நாங்கள் பாடம் நடத்திக் காட்டும்போது செல்போனை நோண்டிக்கொண்டிருப்பார். முடிந்ததும் கிழித்துத் தொங்கவிடுவார். சக மாணவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. அதெல்லாம் காகிதத்தோடு சரி. நேற்று அல்போன்சா அழுதுகொண்டே வெளியேறினாள்.

இன்று அவள் தோழி பேச்சியம்மாள், தமிழ்நாட்டு வரைபடத்தை மாட்டி ஆறுகளைப் பற்றி நடத்தினாள். முடித்ததும் நாலைந்து பேர் கை தூக்கினோம்.

"பெரிய மேதாவிங்க. உட்காருங்க" என்று அதட்டிவிட்டு முதல்வர் ஆரம்பித்தார். குரல் எடுபடவில்லை, படத்தில் கையெழுத்து கோழிக் கிறுக்கல், இந்த மூஞ்சிக்கு டீச்சர் வேலை ஒரு கேடா என்று படத்தின் பக்கம் திரும்பாமலே பொரிந்து தள்ளினார்.

"நான் சொல்லாத குறை ஒண்ணு மிச்சம் இருந்தா நீயே சொல்லு. சொல்லிட்டா முழு மார்க் போடுறேன்."

"இருக்கு சார். கன்னியாகுமரி மேல இருக்கு, சென்னை கீழ இருக்கு. வேணும்னேதான் படத்தைத் தலைகீழா மாட்டினேன்."

முதல்வர் அப்போதுதான் படத்தைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. எங்கள் பக்கம் திரும்பிப் பாய்ந்தார்.

"இத்தனை பேர் இருக்கீங்க, ஒருத்தருக்காவது சொல்லத் தோணலையா?"

பேச்சியம்மாள்தான் பதில் சொன்னாள்.

"கை தூக்கினாங்க சார். உட்காரச் சொன்னது நீங்க."