எர்வின் மாஸ்டரின் கம்பிகள்

"கிட்டார் மாஸ்டரோடதுதான் டீச்சர். ஆனா அவர் சத்தம் வரமாட்டேங்குது."

தனகோபால் பெட்டியைத் திறந்து வைத்தார். அறுபதைத் தாண்டிய பல் டாக்டர். மெர்லின் டீச்சருக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஆனாலும் சாந்தோமில் டீச்சர் கிட்டார் சொல்லித்தரும் மாடி அறைக்குள் வந்துவிட்டால் அவர் மாணவன்தான்.

சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்துப் பேர் வாங்கிய எர்வின் மாஸ்டரின் கிட்டார் அது. அவர் இறந்தபின் யார் யாரிடமோ கைமாறிப் போனதைத் தேடிப் பிடித்து வாங்கியிருந்தார் தனகோபால்.

மெர்லின் டீச்சர் மாஸ்டரிடமே படித்தவர்.

"வாசிங்க."

தனகோபால் வாசித்தார். தகர டப்பாவைத் தட்டினாற்போல இருந்தது.

டீச்சர் கிட்டாரை வாங்கி மடியில் வைத்தார். கம்பிகள் துருவேறிக் கறுத்திருந்தன.

"மாத்தவே இல்லையா?"

"ஐயோ, மாஸ்டர் கடைசியா வாசிச்ச கம்பி டீச்சர்! அவர் விரல் பட்டது!"

டீச்சர் முறுக்காணிகளைத் திருகினார். சுருதி சேர்க்கிறார் என்றுதான் தனகோபால் நினைத்தார்.

மேசையிலிருந்த கட்டிங் பிளேயரை எடுத்தார் டீச்சர்.

டக்.

தனகோபாலுக்குத் தன் நரம்பையே வெட்டினாற்போல இருந்தது. குரல் எழும்புவதற்குள் ஆறு கம்பிகளும் குப்பைக்கூடைக்குள் சுருண்டு கிடந்தன.

"என்ன பண்ணிட்டீங்க!"

"மாஸ்டர் ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் கம்பி மாத்துவார் சார். பழசைக் குப்பையில போடுறது என் வேலை."

டீச்சர் புதுக் கம்பி மாட்டி, சுருதி சேர்த்து, கிட்டாரை நீட்டினார்.

தனகோபால் வாசித்தார். இம்முறை சத்தம் கணீரென்று அறை முழுக்கப் பரவியது.

"இதுவும் அவர் சத்தம் இல்லையே டீச்சர்."

"இல்லதான். யாருக்கு சார் அவர் சத்தம் வேணும்?"

"என் சம்சாரத்துக்கு. மாஸ்டர் வாசிச்ச பாட்டு ஒண்ணு அவளுக்கு உயிர். வாசிச்சுக் காட்டுங்கன்னு கேட்டுட்டே இருக்கா. காது வேற மந்தமாயிட்டே வருது. இன்னும் கொஞ்ச நாள்ல சுத்தமா கேக்காதுன்னுட்டாங்க."

"வாசிச்சுக் காட்டினீங்களா?"

"இன்னும் இல்ல. மாஸ்டர் மாதிரி வரட்டும்னு இருக்கேன். அவ வீட்டுல இருந்தா பெட்டியைத் திறக்கவே மாட்டேன்."

"இப்ப எங்க இருக்காங்க?"

"கீழ, கார்ல. நான்தான் மேல வர வேண்டாம்னேன்."

டீச்சர் ஜன்னல் வழியே கீழே நின்ற காரை எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பாட்டு ரெக்கார்டு உங்க வீட்டுல இருக்கா?"

"இல்லாம என்ன? நாலு இருக்கு."

"அதைப் போடச் சொல்லி எப்பவாவது கேட்டாங்களா?"

"இல்லையே... என்னைத்தான் வாசிக்கச் சொல்றா."

மறுகணம் தனகோபால் கிட்டாரைக் கழுத்தோடு பிடித்துத் தூக்கிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல், மாடிப்படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினார்.