ஞானோதயா அடுக்ககத்தார் பேங்க் கணக்கைக் குணப்படுத்திய கதை

ஆலங்கோட்டை பைபாஸ் ரோட்டில் ஞானோதயா என்றொரு அடுக்ககம் இருக்கிறது. நாலு மாடி, பதினாறு வீடு, ஒரு லிஃப்ட். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் வீடுகளை விற்றுக் காசாக்கிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டான். போகும்போது ஞானத்தையும் கையோடு எடுத்துப் போயிருக்க வேண்டும். ஏனென்றால், அங்கே மிச்சம் இருந்தது குடியிருப்போர் சங்கத்தின் நிர்வாகக் குழு மட்டும்தான்.

குழு என்றால் மூன்று பேர். செயலாளர் புண்ணியகோடி, முப்பத்தொரு வருஷம் அரசாங்க ஆபீசில் தன் மேசைக்கு வந்த கடுதாசியை அடுத்த மேசைக்கு நகர்த்தியே ஓய்வு பெற்றவர். பொருளாளர் கலியபெருமாள், சர்க்கரை ஆலையில் கரும்பு லாரிக்கு எடை போட்டவர். மிஷின் காட்டும் எண்ணைத் தவிர உலகத்தில் வேறெதையும் நம்பமாட்டார். துணைச் செயலாளர் அந்தோணிசாமிக்கு ஒரு விரலால் டைப் அடிக்கத் தெரியும். அந்த ஒரு விரலை வைத்துத்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட் நின்றுபோனது. மற்ற நாளாக இருந்தால் முனகிக்கொண்டே படியேறியிருப்பார்கள். ஆனால் நாலாவது மாடியில் குடியிருக்கும் புண்ணியகோடியின் ஒரே மகள் செந்தாமரை, எட்டு மாதக் கர்ப்பிணி, பிரசவத்துக்காக வெள்ளிக்கிழமை ஓசூரிலிருந்து வருவதாக இருந்தாள். படியே ஏறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மகள் என்றால் புண்ணியகோடிக்கு உயிர். பரணிலிருந்து தொட்டிலை இறக்கி, தானே உட்கார்ந்து துடைத்து, யாருமில்லாத தொட்டிலை ஆட்டியும் பார்த்துவிட்டார். ஆளுக்குப் பாசத்தில் ஒரு குறையும் கிடையாது. குறை வேறு இடத்தில்.

மெக்கானிக் ஜாபர் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தான். "உள்ள ஒரு கார்டு எரிஞ்சு போச்சு சார். நாலாயிரத்து இருநூறு குடுங்க. வாங்கிட்டு வந்து அரை நாள்ல போட்டுடறேன்."

சங்கத்துக்கு பேங்கில் இரண்டே கால் லட்சம் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் தீர்ந்தது. நீங்களும் நானும் என்றால் கொடுத்திருப்போம். அவர்களோ, ஆண்டுக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கட்டி கம்ப்யூட்டரில் ஒரு வரவு செலவு சாஃப்ட்வேர் வாங்கி வைத்திருந்தார்கள். அது தினமும் பேங்கிலிருந்து கணக்கு விவரத்தை இறக்கிக் காட்டும். அதில் இருப்பைப் பார்க்காமல் எந்தச் செலவும் செய்வதில்லை என்று தீர்மானம். புண்ணியகோடியே முன்மொழிந்தது.

திங்கட்கிழமை திறந்து பார்த்தால் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. 'பதிவிறக்கம் தோல்வி.' மூன்றாம் தேதியிலிருந்தே எதுவும் இறங்கவில்லை.

கலியபெருமாள் தன் போனில் பேங்க் ஆப்பைத் திறந்தார். இரண்டே கால் லட்சம் இருக்கிறதென்று அது பளிச்சென்று சொன்னது. மூவரும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"பேங்க் இருக்குங்குது. சாஃப்ட்வேர் தெரியலைங்குது. எதை நம்பறது?" என்றார் அந்தோணிசாமி.

"பேங்க் ஆப்புக்கு நாம என்ன குடுக்கறோம்?" என்றார் கலியபெருமாள்.

"ஒண்ணும் இல்லை. சும்மாதான்."

"சாஃப்ட்வேருக்கு?"

"வருஷத்துக்கு ஆயிரத்து எண்ணூறு."

"அப்ப காசு வாங்கிட்டுச் சொல்றவன் பொறுப்பா சொல்லுவானா, சும்மா சொல்றவன் பொறுப்பா சொல்லுவானா?"

"அதானே!" என்றார் அந்தோணிசாமி. செயலாளர் 'லிஃப்ட் பழுது. யாரும் பயன்படுத்தக் கூடாது. மீறினால் நடவடிக்கை' என்று நோட்டீஸ் அடித்து, லேமினேட் செய்து, கையெழுத்துப் போட்டு லிஃப்ட் கதவில் ஒட்டினார். அந்தக் காரியம் மட்டும் ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

சாஃப்ட்வேர் கம்பெனியின் கஸ்டமர் கேர் பெண் பொறுமைசாலி. என்னென்ன செய்து பார்க்க வேண்டும் என்று தமிழிலேயே ஒரு பட்டியல் அனுப்பினாள். அதையும் லேமினேட் செய்தார்கள்.

முதல் வரி: இன்டர்நெட் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். செவ்வாய்க்கிழமை காலை அந்தோணிசாமி பார்க்கக் கிளம்பினார். கம்ப்யூட்டரின் பின்னாலிருந்து புறப்பட்ட ஒயரைப் பிடித்துக்கொண்டே ஜன்னல் வழியாக வெளியே வந்து, மதில் ஏறி, தெருவில் மூன்று கம்பம் தாண்டிப் போனார். நாலாவது கம்பத்தடியில் நாய் துரத்தியது. வேட்டியில் பாதியோடு திரும்பி வந்து, "மூணு கம்பம் வரைக்கும் இணைப்பு இருக்கு. அதுக்கப்புறம் நாய் இருக்கு," என்று அறிக்கை கொடுத்தார். அது அப்படியே மினிட் புத்தகத்தில் ஏறியது.

இரண்டாவது வரி: எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். எல்லாம் என்றால் எல்லாம்தானே? கலியபெருமாள் கீழே போய் மெயின் சுவிட்சை இறக்கினார். பதினாறு வீடும் ஒரே நேரத்தில் நின்றது. இரண்டாம் மாடியில் ஒரு அம்மாள் கிரைண்டரில் பாதி அரைத்த மாவோடு வெளியே வந்து, மூவரின் பரம்பரையையும் வரிசையாக விசாரித்தாள். புண்ணியகோடி பட்டியலை உயர்த்திக் காட்டினார். "உங்க மூஞ்சியை முதல்ல அணைச்சுட்டுப் போடுங்கய்யா!" என்றாள். அது பட்டியலில் இல்லாததால் செய்யவில்லை.

மூன்றாவது வரி: இருபத்துநாலு மணி நேரம் காத்திருந்து மீண்டும் முயலுங்கள். காத்திருந்தார்கள். எழுந்து போனால் காத்திருந்ததாக ஆகாது என்று கலியபெருமாள் சொல்லிவிட்டதால், கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு, கைகட்டி, புதன்கிழமை மதியம் வரை முறைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். புண்ணியகோடியின் மனைவி மரகதவல்லி சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நாலு மாடி இறங்கி வந்தாள்.

"ஏங்க, பேங்க்ல பணம் இருக்குல்ல? ஜாபர்கிட்ட குடுத்துத் தொலைங்களேன். வெள்ளிக்கிழமை புள்ள வந்துடுவா."

"மரகதம், உனக்கு நிர்வாகம் புரியாது. அவளுக்காகத்தானே இங்க உட்கார்ந்திருக்கேன்?" என்றார் புண்ணியகோடி. சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே கலங்கியது. அதுதான் வயிற்றெரிச்சல்.

நாலாவது வரி: பேங்க் அனுப்பும் ஓடிபியை அடித்து, இணைப்பைப் புதுப்பியுங்கள். கலியபெருமாள் போனில் டிங் என்று விழுந்தது. போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க, அடிக்கிறேன்," என்றார் அந்தோணிசாமி, விரலை நீட்டி வைத்துக்கொண்டு.

"எப்படிச் சொல்றது? யாரிடமும் பகிராதீர்கள்னு போட்டிருக்கே."

"நான் என்ன அந்நியனா சார்? பன்னிரண்டு வருஷமா எதிர்வீடு."

"பேங்க் ஊழியர் கேட்டாலும் சொல்லாதேன்னு இருக்கு. நீங்க பேங்க் ஊழியரைவிடப் பெரியவரா?"

அந்தோணிசாமி யோசித்து, இல்லை என்று ஒப்புக்கொண்டார். "அப்ப நீங்களே அடிச்சுடுங்க."

"கம்ப்யூட்டர்கிட்ட சொன்னா மட்டும் பகிர்ந்த மாதிரி ஆகாதா?"

புண்ணியகோடி கைகாட்டி இருவரையும் நிறுத்தினார். "அது கிடக்கட்டும். அந்த நம்பரை நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேனே."

"போச்சு! உங்ககிட்டேயே பகிர்ந்தாச்சே!"

கலியபெருமாள் வெலவெலத்துப்போய் அந்தச் செய்தியை அழித்தார். இரண்டாம் முறை ஓடிபி வந்தபோது போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டார். மூன்றாம் முறை மூவருமே கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்கள். 'மூன்று முயற்சிகள் முடிந்தன' என்று பேங்க் அன்றைக்குக் கதவைச் சாத்தியது. பாதுகாப்பு விஷயத்தில் ஞானோதயாவை யாரும் குறை சொல்ல முடியாது.

வியாழக்கிழமை காலை புண்ணியகோடி கஸ்டமர் கேர் பெண்ணுக்கு மறுபடி போன் செய்தார். "நாளைக்கு என் பொண்ணு வரா, தாயி. ஏதாவது வழி சொல்லு."

அவளுக்கும் இரக்கமாக இருந்தது. "கடைசியா ஒண்ணு இருக்கு சார். சாஃப்ட்வேர்ல இருந்து அந்த பேங்க் கணக்கை எடுத்துட்டு, புதுசா சேர்த்துப் பாருங்க. சாஃப்ட்வேர்ல மட்டும், சரியா?"

போனை வைத்ததும், ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கலியபெருமாள் மெல்லச் சிரித்தார். "சின்னப் பொண்ணு. பாவம், அனுபவம் போதாது."

"ஏன் சார்?"

"சாஃப்ட்வேர்ல இருக்கிறது கணக்கோட படம். நிஜக் கணக்கு பேங்க்ல இருக்கு. ஒருத்தனுக்குக் காய்ச்சல்னா மாத்திரையை அவனுக்குக் குடுப்போமா, அவன் போட்டோவுக்குக் குடுப்போமா?"

"அதானே!" என்றார் அந்தோணிசாமி. கண் தெளிந்த மகிழ்ச்சியில் அவருக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது.

பத்து மணிக்கு மூவரும் பேங்கில் நின்றார்கள். கணக்கை மூட வேண்டும் என்றதும் மேனேஜர் அம்மாள் பதறிப்போனாள்.

"பன்னிரண்டு வருஷக் கணக்கு சார்! எங்க மேல ஏதாவது கோபமா?"

"கோபமெல்லாம் இல்லைம்மா. எடுத்துட்டு உடனே சேர்த்துடுவோம்," என்றார் புண்ணியகோடி.

"உடனே முடியாது. பொதுக்குழுத் தீர்மானம், சங்கப் பதிவு, அடையாளச் சான்று எல்லாம் புதுசா வேணும். மூணு வாரம் ஆகும்."

"பரவாயில்லை. வைத்தியம்னா பத்தியம் இருக்கத்தானே செய்யும்?"

விண்ணப்பத்தில் 'கணக்கை மூடுவதற்கான காரணம்' என்ற இடத்தில் 'லிஃப்ட் ஓடவில்லை' என்று எழுதி மூன்று கையெழுத்தும் போட்டார்கள். மேனேஜர் அம்மாள் அதை இரண்டு முறை படித்துவிட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். மதியம் இரண்டே கால் லட்சமும் சங்கத்தின் பெயருக்கே ஒரு டிடியாக அவர்கள் கைக்கு வந்தது. அதைப் போட இனிமேல் கணக்கு கிடையாது.

அவர்கள் பேங்கில் நின்ற நேரத்தில் மரகதவல்லி ஜாபரை வீட்டுக்குக் கூப்பிட்டு, தன் போனிலிருந்து நாலாயிரத்து இருநூறை அனுப்பினாள். முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"சார்கிட்ட சொல்ல வேணாமாம்மா?" என்றான் ஜாபர்.

"சொன்னா தீர்மானம் போட்டு நிறுத்திடுவாரு. நீ போய் கார்டை வாங்கு."

வெள்ளிக்கிழமை காலை ஜாபர் கார்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, குழு சங்க அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றது. கடைசி வைத்தியத்தை முழுசாகச் செய்வோமென்று, பேங்கில் இல்லாத கணக்கை சாஃப்ட்வேரிலிருந்தும் அந்தோணிசாமி எடுத்துவிட்டிருந்தார். இப்போது 'புதுப்பி' என்ற பொத்தானை அழுத்தினார்.

சிவப்புக் குறி மறைந்தது. அழகான பச்சை டிக் ஒன்று எழுந்து வந்தது. 'கணக்குகள் மொத்தம்: 0. பிழைகள்: 0.'

"ஒரு பிழை இல்லை! ஒரே ஒரு பிழைகூட இல்லை!" என்று கத்திய புண்ணியகோடி, அந்தோணிசாமியைக் கட்டிப்பிடித்து அழுதார். கலியபெருமாள் அரைக் கிலோ மைசூர்பாகுக்கு ஆள் அனுப்பினார், சொந்தச் செலவில். சங்கத்துக்குத்தான் கணக்கில்லையே.

மைசூர்பாகு வந்து சேர்ந்த அதே நேரம் வாசலில் டாக்ஸி வந்து நின்றது. செந்தாமரை இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். புண்ணியகோடி ஓடினார். மற்ற இருவரும் பின்னாலேயே ஓடினார்கள். லிஃப்டின் முன்னால் மரகதவல்லி பொத்தானை அழுத்த, உள்ளே விளக்கு எரிந்து, கதவு சரசரவென்று திறந்தது. மூவரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"பார்த்தீங்களா?" என்றார் புண்ணியகோடி, சத்தமே வராமல். "கணக்கை எடுத்தோம். லிஃப்ட் ஓடுது."

மரகதவல்லி வாயைத் திறந்தாள். ஒரு கணம் புருஷன் முகத்தைப் பார்த்தாள். முப்பத்தைந்து வருஷ அனுபவம் அவளுக்கு இருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு மகளை உள்ளே அழைத்துக்கொண்டாள்.

"அப்பா, நீங்களும் வாங்க," என்றாள் செந்தாமரை.

புண்ணியகோடி ஒரு காலைத் தூக்கிவிட்டார். அப்போது கலியபெருமாள் அவர் தோளைத் தொட்டு, கதவில் இருந்த லேமினேட் நோட்டீஸைக் காட்டினார். யாரும் பயன்படுத்தக் கூடாது. மீறினால் நடவடிக்கை.

"யார் கையெழுத்து போட்டிருக்கு?" என்றார் அந்தோணிசாமி.

"செயலாளர்," என்று படித்துச் சொன்னார் புண்ணியகோடி.

"அவர்கிட்ட அனுமதி கேட்டுப் பார்க்கலாமா?"

"வாயால கேட்டா குடுக்கமாட்டார். எழுதித்தான் கேட்கணும்," என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுக் காலைக் கீழே வைத்தார். பெண்கள் இருவரும் மேலே போனார்கள். குழு, மகளின் இரண்டு பெட்டிகளையும் மைசூர்பாகையும் தூக்கிக்கொண்டு படியேறியது.

மூன்றாவது மாடியில் மூச்சு வாங்க நின்றபோது அந்தோணிசாமிக்கு ஞாபகம் வந்தது. "சார், போர் மோட்டார் நேத்துலேர்ந்து ஒரு மாதிரி உறுமுது. தண்ணியும் சரியா ஏறலை."

"அதுக்கும் இதே வைத்தியம்தான்," என்றார் கலியபெருமாள். "ஆனா மூடறதுக்கு சங்கத்துக்கிட்ட வேற கணக்கு இல்லையே."

புண்ணியகோடி பெட்டியை இறக்கி வைத்து நெற்றியைத் துடைத்தார். மகளின் பெட்டிகளையும் ஏறிவந்த படிகளையும் பார்த்தார். பச்சைக் குழந்தை பிறக்கப்போகிற வீட்டில் தண்ணீர் இல்லாமல் எப்படி?

"கவலைப்படாதீங்க," என்றார். "என் பென்ஷன் கணக்கு இருக்கு. திங்கட்கிழமை பேங்க் திறந்ததும் போயிடுவோம்."