மச்சு யாருக்கு?

கதையைக் கேட்டுவிட்டுச் சும்மா எழுந்து போகிற பேச்சே இங்கே கிடையாது. கடைசியில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அதனால் காதைக் கொஞ்சம் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கரன்கோவிலுக்குத் தெற்கே ஒரு செம்மண் காட்டில் கோமதிநாயகமும் ஆவுடையம்மாளும் விவசாயம் பார்த்தார்கள். பிள்ளைகள் ஆறு. சொந்தக் காட்டிலேயே வீடு கட்ட முடிவானது. ஊரெல்லாம் காங்கிரீட் போட்டுக்கொண்டிருக்க, இந்த மனுஷர் மட்டும் மண் சுவர், பனங்கட்டை, நாட்டு ஓடு என்று ஒற்றைக் காலில் நின்றார். "சித்திரை மாசம் காங்கிரீட்டுக்குக் கீழ போட்டு ஆறு பிள்ளைகளையும் வறுக்கச் சொல்லுதியா?" என்று அவர் கேட்டதும் ஆவுடையம்மாள் சிரித்துவிட்டாள். சிரித்தால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

மண் வீடு அவசரத்துக்கு வளைந்து கொடுக்காது. ஒரு வரி சுவர் வைத்து, அது காய்ந்த பிறகுதான் அடுத்த வரி வைக்கலாம். மழை வந்தால் வேலை நிற்கும். அதுவரை குடும்பம் காட்டோரத்து ஓலைக் கொட்டகையில் இருந்தது. ராத்திரி ஒருத்தர் புரண்டு படுத்தால் எல்லோரும் புரள வேண்டும். அந்த நெருக்கடியைப் பார்த்த கோமதிநாயகத்தின் தங்கை பேச்சியம்மாள், "வீடு முடியுத மட்டும் ஒரு பிள்ளையை நான் வச்சுக்கிடுதேன்" என்றாள். தென்காசியில் இருப்பவள்; பிள்ளை இல்லாதவள்; நல்ல பாசக்காரி.

யாரை அனுப்புவது? மூத்தவன் உச்சிமாகாளி மண் மிதிக்க வேண்டும். அடுத்தவள் முப்பிடாதி சோறு பொங்க வேண்டும். சின்னதுகளை அம்மாவிடமிருந்து பிரித்தால் அழுது ஊரைக் கூட்டிவிடும். நடுவில் இருந்தவள் சொர்ணம். ஏழு வயது, எதற்கும் அடம் பிடிக்காத பிள்ளை. "அத்தை வீட்டுக்குப் போறியாட்டி?" என்று கேட்டார்கள். "சரி" என்று தலையாட்டினாள். ஆவுடையம்மாள் அவள் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். நாலு மாதம்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். மழைக்கு வேலை நின்று நின்று, அந்த நாலு மாதம் மூன்று வருஷமாக நீண்டுவிட்டது.

இதற்கிடையில் கோமதிநாயகம், வேலை செய்த பிள்ளைகள் சோர்ந்துவிடாமல் இருக்க ஒரு ஆசை காட்டியிருந்தார். புது வீட்டில் எல்லோரும் பாய் போட்டு வரிசையாகப் படுப்பது பெரிய கூடத்தில். மேலே ஒரே ஒரு மச்சு அறை. அதற்குத் தனிக் கதவு, மேல்காற்று வீசும் சன்னல். "இந்த வீட்டுக்காக யாரு நெறையக் குடுத்தாங்களோ, மச்சு அவங்களுக்கு" என்றார்.

பால் காய்ச்சிய அன்று காலையிலேயே பஞ்சாயத்து தொடங்கியது.

"எல்லாச் சுவரும் நான் மிதிச்ச மண்ணுல்லா?" என்றான் உச்சிமாகாளி.

முப்பிடாதி விடவில்லை. "நீ மண்ணை மிதிச்சே. நான் இடுப்புல ஒரு தம்பி, அடுப்புல ஒரு உலைன்னு உங்க எல்லாரையும்லா சுமந்தேன்!"

அந்த நேரத்தில் அத்தையோடு சொர்ணம் வந்து இறங்கினாள். செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தாள். "அம்மா, பையை எங்க வைக்கட்டும்?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி கோரிக்கிடட்டுமா?" என்று கேட்டாள். ஆவுடையம்மாளுக்குத் திக்கென்றது. பெற்ற வீட்டில் தண்ணீருக்கு அனுமதி கேட்கிறாளே பாவி மகள்! பிள்ளை கைவிட்டுப் போய்விட்டதோ என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

கோமதிநாயகத்துக்கும் அது உறைத்திருக்க வேண்டும். "மச்சு சொர்ணத்துக்குத்தான். அவ இந்த வீட்டுக்காக அம்மாவையே விட்டுக் குடுத்திருக்கா. அதுக்கு மேல யாரு குடுத்தா?"

பேச்சியம்மாள் குறுக்கே வந்தாள். "பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன் அண்ணே. மச்சு வேணுமா, இல்ல எங்கூடவே இருக்காளான்னு அவளே சொல்லட்டும்."

எல்லோரும் சொர்ணத்தைப் பார்த்தார்கள். அவள் அத்தையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் ஆவுடையம்மாள் முந்திக்கொண்டாள்.

"யாரும் ஒண்ணும் கேக்க வேண்டாம். மச்சு முப்பிடாதிக்கு. சொர்ணம் எங்கயும் போகல. கூடத்துல தம்பி தங்கச்சி நடுவுல படுப்பா. ஏட்டி, என்ன வேடிக்கை? அந்தப் பால் பாத்திரத்தை எடுத்துட்டுப் போய்த் தேய்."

"வந்ததும் வராததுமா பிள்ளையை வேலை வாங்குதியே மதினி, ஒனக்கு நெஞ்சு இருக்கா?" என்று பேச்சியம்மாள் கொதித்துப்போனாள். கோமதிநாயகத்துக்கும் கோபம்; தான் கொடுத்த வாக்கைப் பெண்டாட்டி எல்லோர் முன்னாலும் உடைத்துவிட்டாளே! சொர்ணம் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

அப்பா கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் பார்த்தார். அத்தை பிள்ளையின் விருப்பத்தைக் கேட்கச் சொன்னாள். அம்மா வாக்கையும் மதிக்கவில்லை, விருப்பத்தையும் கேட்கவில்லை. சொல்லுங்கள், இந்த மூன்று பேரில் யார் செய்தது சரி?

*

விடை: ஆவுடையம்மாள் செய்ததே சரி. சொர்ணம் எதையும் கொடுக்கவில்லை, அவளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். எடுத்ததைத் திருப்பித் தருவதுதான் முறை, அதற்குப் பரிசு என்று பெயர் வைக்க முடியாது. தனி அறையும் கதவும் கொடுத்து உபசரித்தால் அவள் விருந்தாளியாகவே இருந்துவிடுவாள். அவளிடம் கேட்கலாம் என்றால், கேட்டதற்கெல்லாம் "சரி" சொல்கிற பிள்ளை அது. முதல் தடவை அவளை அனுப்பி வைத்ததே அந்தச் சரிதான். வேலை ஏவுவது வீட்டுப் பிள்ளையிடம் மட்டும்தான். மறுநாள் காலையில் ஆவுடையம்மாள் பாத்திரம் தேய்க்கக் கூப்பிட்டபோது கூடத்திலிருந்து ஒரு குரல் எகிறியது. "நேத்து நான் தேய்ச்சேன்! இன்னிக்கு நான் மாட்டேன், அக்கா தேய்க்கட்டும்!" சொர்ணம்தான். ஆவுடையம்மாள் அடுப்படிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.