மலையேறிய பிள்ளைத்தாய்ச்சி

பனி படர்ந்த மலைச்சரிவில் வரையாட்டுக் கூட்டம் ஒன்று மேய்ந்துவந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். எவள் வயிற்றில் பிள்ளை தங்கினாலும், அவளைக் கீழே மெத்தென்ற புல்லில் உட்கார வைத்துவிடுவார்கள். மற்றவர்கள் புல்லைக் கவ்விவந்து முன்னால் போடுவார்கள். அவள் எழுந்தாலே ஆளுக்கு ஒரு கூச்சல்!

கொடிச்சிக்கு அது தலைப்பிள்ளை. மாமியார் கருங்கொம்பி அவளை ஓர் அடி நகரவிடவில்லை.

"அத்தே, உட்கார்ந்து உட்கார்ந்து காலெல்லாம் மரத்துப் போகுது. கொஞ்சம் நடந்துட்டு வரேனே!"

"வயித்துப் பிள்ளையோட மலை ஏறப் போறியா? நல்லா இருக்கு!"

கொடிச்சி கேட்கவில்லை. காலையிலும் மாலையிலும் பாறைப் பாதையில் மெல்ல நடந்தாள். மூச்சு வாங்கினால் நின்றாள். அலுப்பாக இருந்தால் பாதியிலேயே திரும்பினாள். பிடிவாதக்காரிதான், ஆனால் அவசரக்காரி இல்லை.

இதைப் பார்த்து ஒரு நரிக்கு வயிறு எரிந்தது. காலில் பலமின்றிப் புல்லில் கிடக்கும் தாய்களைச் செந்நாய்களுக்குக் காட்டிக்கொடுத்து, மிச்சத்தைத் தின்று கொழுத்த நரி அது. கூட்டமோ ஒவ்வொரு முறையும் விதி என்று அழுது ஓய்ந்துவிடும்.

நரி கருங்கொம்பியிடம் போய்க் குழைந்தது.

"பெரியம்மா, உங்க குலம் தழைக்க வந்த பிள்ளை! மருமக இப்படி அலையலாமா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

நாலு பேர் என்றதுமே கருங்கொம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருமகளிடம் ஓடினாள்.

"இனிமே ஓர் அடி வச்சே, என் முகத்துலயே முழிக்காதே!"

கொடிச்சிக்கு அழுகை வந்தது. ஆனாலும் நிமிர்ந்து நின்றாள்.

"பாறைக்குப் பாறை தாவறதை விட்டுட்டேன், அத்தே. நடையை விடமாட்டேன். உள்ள இருக்கற பிள்ளை நல்லாத்தான் இருக்கு!"

அன்றோடு மாமியார் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

நிறைமாதம் வந்தது. ஒரு காலை, நரி வழிகாட்ட, சரிவின் அடியிலிருந்து செந்நாய்கள் மூடுபனியைக் கிழித்துக்கொண்டு ஏறின! கூட்டம் சிதறிப் பாறை உச்சிக்கு ஓடியது. கருங்கொம்பி மட்டும் மருமகளை விட்டுப் போகவில்லை. கோபம் வேறு, பாசம் வேறு.

"உன்னால ஏற முடியாதேடி! என் பின்னால நில்லு, நான் முட்டிப் பார்க்கறேன்!"

"முடியும், அத்தே! என் கூடவே வாங்க!"

கொடிச்சி தினமும் நடந்த பாதையில் ஏறினாள். அவள் ஓடவும் இல்லை, தாவவும் இல்லை. ஆனால் ஒரு கால்கூடத் தடுமாறவில்லை. பின்னால் வந்த செந்நாய்களுக்குச் செங்குத்துப் பாறையில் நகம் வழுக்கியது. ஏமாந்த கோபத்தில் அவை நரியின் மேல் பாய்ந்தன. அன்று ஓடிய நரி பிறகு அந்த மலைப்பக்கமே வரவில்லை.

சில நாளில் உச்சிப் பாறையில் கொடிச்சி ஒரு பெண்குட்டியை ஈன்றாள். குட்டி தள்ளாடி எழுந்து நின்றது. கருங்கொம்பிக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"எல்லாரும் நல்லாப் பார்த்துக்குங்க! பொறக்கறதுக்கு முன்னாடியே மலை ஏறினவ என் பேத்தி! அவளை ஏத்திட்டு வந்தவ என் மருமக!"

பிறகு, புதிதாகப் பிள்ளை உண்டாகியிருந்த ஒருத்தியின் பக்கம் திரும்பினாள்.

"நீ ஏன்டி உட்கார்ந்தே இருக்கே? எழுந்திரு, மெதுவா நடக்கலாம்!"

உடம்பு இடம் கொடுக்கும் அளவுக்கு நடந்து பழகிய தாய், தன்னையும் காத்துக்கொள்வாள், தன் பிள்ளையையும் காப்பாள்.