வேலிக்கு வெளியே வைத்த பிள்ளைகள்

தேவமாதாபட்டிப் பங்கில் குழி வெட்டும் வேலை வியாகப்பனாருடையது. சாவு வீட்டிலிருந்து ஆள் வந்தால் கடப்பாரையோடு கிளம்புவார். மற்ற நாட்களில் கல்லறைகளின் மேல் முளைக்கும் நெருஞ்சியைப் பிடுங்குவார். எழுத்தறியாதவர். குழிக்குள் நின்று மண்ணை வாரி எறியும்போதும் அவர் உதடுகள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கும். பூசையின்போது கோவிலின் கடைசித் தூணருகே நிற்பார். பிணக்குழி மண் ஒட்டிய உடம்போடு பீடத்தருகே போகலாகாது என்பது அவராக வைத்துக்கொண்ட கட்டுப்பாடு.

மணமாகி ஒன்பதாம் வருடம் அவர் மனைவி மதலேனம்மாளுக்குப் பிள்ளை பிறந்தது, உயிரில்லாமல் பிறந்தது. துணியில் சுற்றிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு வந்தவரை உபதேசியார் தொம்மை வாசலிலேயே நிறுத்தினார்.

"ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்கு மந்திரிச்ச மண்ணுல எடமில்ல. வேலிக்கு அந்தாண்ட வை. அது மோட்சத்துக்கும் போவாது, நரகத்துக்கும் போவாது. லிம்போன்னு ஒரு எடம், அங்கதான் கெடக்கும்."

"நாங்க செத்தா அதப் பாப்போமா, உபதேசியாரே?"

"பாக்க முடியாது. பாப்பரசர் சொன்னது. அவரு வாக்குத் தவறாது."

வியாகப்பனார் முள்வேலிக்கு வெளியே தாமே குழி வெட்டினார். அன்று முதல் வேலை முடிந்ததும் அங்கே நின்று ஜெபமாலையில் பத்து மணி உருட்டி ஜெபம் சொல்லிவிட்டே வீடு திரும்புவார். "வியாகப்பன் லிம்போவுக்குத் தந்தி அடிக்கிறான்" என்று ஊர் சிரித்தது. திருச்சபையின் வாக்கை அவர் தள்ளவில்லை. ஆண்டவர் ஒரு சிசுவைத் தள்ளுவார் என்றும் அவரால் நம்ப முடியவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துச் சுமந்ததில்தான் அந்த மனிதர் களைத்துப்போனார்.

அப்படிப் பிறந்த மற்ற வீட்டுப் பிள்ளைகளும் அவரிடமே வந்தன. தகப்பன்மார் முகம் கொடுக்காமல் தந்துவிட்டுப் போவார்கள். நாய் தோண்டாதபடி பெரியவர்களுக்கு வெட்டும் ஆழத்துக்கே வெட்டுவார். குச்சியில் சிலுவை கட்டி நட்டார்; தொம்மை பிடுங்கி எறிந்தார். பிறகு வெறும் கல்லை மட்டும் வைத்தார். பத்தொன்பது கற்கள் சேர்ந்தன.

மதலேனம்மாள் சாகக் கிடந்தபோது, "எம்புள்ளையப் பாப்பனா?" என்று கேட்டாள். "பாப்பே" என்றார். அவள் அழுதபடியே கண்ணை மூடினாள். பொய் சொல்லி அனுப்பிவிட்டோமோ என்ற பயம் அதன்பின் அவரை விடவில்லை.

அவருக்கு எழுபது கடந்தபின் இன்னாசி அடிகள் பங்குச்சாமியாராக வந்தார். குருமடத்தில் பாடம் நடத்தியவர். வேலிக்கு வெளியே இருந்த கற்களைப் பார்த்து விசாரித்தார். முதியவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நான் அவகிட்டச் சொன்னது பொய்யா, சாமி?" என்று கேட்டார்.

"பாப்பரசர் எது பேசினாலும் தவறாதுன்னு திருச்சபை சொல்லல, ஐயா. விசுவாசத்தையோ ஒழுக்கத்தையோ பத்தி, எல்லாரும் ஏத்துக்கிட்டே ஆகணும்னு அவர் முறைப்படி அறிவிச்சாத்தான் அந்தத் தவறா வரம். லிம்போவ அப்படி யாரும் அறிவிக்கவே இல்ல. படிச்சவங்க யோசிச்சுச் சொன்ன கருத்து அது. அந்தப் பிள்ளைங்கள ஆண்டவர் இரக்கத்துல ஒப்படைச்சு நம்பிக்கையா இருக்கலாம். நீங்க சொன்னது பொய்யில்ல."

முதியவர் மகிழவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாப்பத்தோரு வருசம், சாமி. அவ அழுதுக்கிட்டே போயிட்டாளே."

அடிகளும் அந்த மண்ணில் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

அந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு முன் முள்வேலியை அகற்றினார்கள். அடிகள் முதலில் அங்கே வந்து மண்ணை மந்திரித்தார். கூட்டத்திலிருந்து வயதான பெண்கள் சிலர் தயங்கித் தயங்கி வந்து நின்றார்கள். எந்தக் கல் தங்களுடையது என்று அவர்களில் ஒருத்திக்கும் தெரியாது. வியாகப்பனாருக்குத் தெரியும். "இது ஒன்னோட மகன், சூசையம்மா. இது ஒன் மக, பெரியநாயகம்" என்று ஒவ்வொருத்தியையும் கைப்பிடித்துக் கொண்டுபோய் நிறுத்தினார். அவர்கள் அழுது முடிக்கும்வரை யாரும் கலையவில்லை.

கடைசியாகத் தம் பிள்ளையின் கல்லருகே முழந்தாளிட்டபோது, "இவர்களை என் பேரால் காத்தவன் நீ" என்றொரு குரல் நெஞ்சுக்குள் கேட்டது என்று பின்னாளில் அடிகளிடம் மட்டும் சொன்னார். அதைச் சொல்லும்போதும் தலையை நிமிர்த்தவில்லை.

இரக்கத்தை ஏட்டில் படிக்காமலே அறிந்திருந்த அந்தக் குழிவெட்டியின் பாதங்களை வணங்குகிறோம்.